பிரித்துப் பூட்டும் ஊர்

பரமத்தி வேலூரிலிருந்து வடகிழக்கே போனால் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர். தெற்கே காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர்; அங்கே பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறார்கள். வடமேற்கே திருச்செங்கோடு, அங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வருகின்றன. இந்த மூன்றுக்கும் நடுவே, ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் தண்ணீரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் வளர்த்துக்கொண்டு வேலூர் இருக்கிறது. பழைய ஜீப் ஒன்றைத் தன் கையாலேயே பிரித்துப் பூட்டி ஓட்ட ஆசைப்படும் ஒருவருக்கு, தமிழ்நாட்டில் இதைவிடத் தோதான இடம் இல்லை என்பது என் கட்சி.

ஆசைப்படுகிறவர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் மெக்கானிக் தொழில் தெரியாதவர்கள். வாழை வியாபாரி, பள்ளி ஆசிரியர், கோழிப்பண்ணைக்காரர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறில் ஊருக்கு வருகிற பையன். ஜீப் இல்லாமல் இவர்கள் யாருடைய பிழைப்பும் நின்றுவிடாது. வீட்டில் ஓடுகிற கார் இருக்கும். ஆனாலும் தோப்புக் கொட்டகையில் தாத்தா காலத்து வண்டி ஒன்று தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் நிற்கிறது. அது மறுபடி உறுமிக் கேட்க வேண்டும். அந்த ஒரு காரணம் போதும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதை உருப்படியாக நிறைவேற்ற என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சிப்பாய்க்காகச் செய்த வண்டி

1940ல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்டது. மாதிரி வண்டிக்கு 49 நாள் கெடு. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து வரைபடம் போட வைத்து, அந்த ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தன.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வில்லிஸ் செய்த பாகம் ஃபோர்டு செய்த ஜீப்பிலும் பொருந்த வேண்டும் என்று ராணுவம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அடிபட்ட இரண்டு வண்டியிலிருந்து ஓடுகிற வண்டி ஒன்றைச் சிப்பாயே தேற்றிக்கொள்ளலாம். அவன் பொறியியல் படித்தவன் அல்ல. கையில் இருப்பது ஒரு பை ஸ்பேனர். ஜீப்பின் ஒவ்வொரு போல்ட்டும் அந்த மனிதனை மனத்தில் வைத்து இறுக்கப்பட்டது. நம் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவினர் விழாக்களில் ஒரு ஜீப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சில நிமிடங்களில் பூட்டி ஓட்டிக் காட்டுவார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வேலூர்த் தோப்பில் ஸ்பேனரோடு உட்காரும் பள்ளி ஆசிரியரும் அந்தச் சிப்பாயின் இடத்தில்தான் இருக்கிறார். அவரால் முடியும்.

இந்தியாவுக்கு ஜீப் வந்த வழி பலருக்குத் தெரியும். ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா சகோதரர்கள் மாலிக் குலாம் முகமதுவோடு சேர்ந்து 1945ல் எஃகு வியாபாரத்துக்காகத் தொடங்கிய ‘மகிந்திரா அண்டு முகமது’ கம்பெனிதான் அந்த வழி. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சர் ஆனார். 1948ல் கம்பெனியின் பெயர் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆனது. பம்பாய் மஸ்கானில் வில்லிஸ் பாகங்களைக் கப்பலில் இறக்கிப் பூட்டத் தொடங்கியவர்கள், 1950களில் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

நம் பக்கத்துக் கொட்டகைகளில் நிற்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்த சி.ஜே.3பி.யும் அதன் வாரிசுகளும். 3பி அமெரிக்காவில் 1953ல் வந்தது. அதற்குப் போட்ட ‘ஹரிக்கேன்’ இன்ஜின் முந்தையதைவிட உயரமானது. அதை அடக்க பானெட்டையே தூக்கினார்கள். நெற்றி உயர்ந்த அந்த முகத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1968ல் அது நின்றுபோனது. இங்கே அதே உடல்வாகு, இன்ஜினும் கியரும் மாறினாலும், அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் இன்ஜினோடு வந்தது சி.ஜே.500டி. 1980களில் 2,112 சி.சி. பியூஜோ டீசல் இன்ஜினோடு வந்தது எம்.எம்.540.

கிராமத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது அரசாங்கம். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பின்னால் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. பரமத்தி, கபிலர்மலை, மோகனூர் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஜீப் சத்தம் கேட்டால் பி.டி.ஓ. வருகிறார் என்று பொருள். மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்ததும் ஜீப், தேர்தலுக்கு மைக் கட்டி வந்ததும் ஜீப். அரசு கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்த விவசாயிகள் உர மூட்டையையும் வாழைத்தாரையும் ஏற்றினார்கள். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் மிளகும் காப்பியும் இறக்கப் போனவை வேறு. பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு, ஏதோ ஒரு சின்ன ரிப்பேருக்காகக் கொட்டகைக்குள் தள்ளப்பட்டவைதான் இன்று நாம் பேசும் ஜீப்புகள். அன்றைக்கு அந்த ரிப்பேர் பெரிய செலவு இல்லை. மகன் மாருதி வாங்கிவிட்டான், அவ்வளவுதான்.

முதலில் காகிதம்

பழைய ஜீப்பைப் பார்த்தவுடன் எல்லாரும் பானெட்டைத் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைக் கேளுங்கள். அதில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துப் பாருங்கள். எண் பொருந்தாத ஜீப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தகரத்தை வெட்டி ஒட்டலாம், இன்ஜினைப் புதுப்பிக்கலாம். காகிதம் இல்லாத வண்டிக்கு எந்தப் பட்டறையிலும் மருந்து கிடையாது.

தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட்டில் 20 ஆண்டு கடந்த இலகுரக வண்டிகளுக்கு 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இன்னொரு சிக்கல்: நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997 ஜனவரி 1ல். அதற்கு முந்தைய வண்டிகள் சேலம் மாவட்டக் காலத்தவை. பழைய பதிவேட்டில் கையால் எழுதிய பதிவு கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கலாம். அதை ஏற்ற அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

50 ஆண்டு கடந்த வண்டிக்கு வேறு ஒரு வாசலும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. பதிவு இல்லாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி, ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு எண் வாங்கலாம். 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவு உள்ளது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி பிறந்த வடிவத்தில் இருக்க வேண்டும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாமே தவிர அன்றாட வேலைக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. தோப்புக்கும் மார்க்கெட்டுக்கும் தினம் போக நினைப்பவருக்கு இது ஒத்துவராது. அவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருவதே சரி.

பிறந்த வடிவம் என்று சொன்னேன். பழைய பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றில் மேட்டடோர் இன்ஜினோ வேறு டீசலோ ஏறியிருக்கும். பெட்ரோல் விலைக்குப் பயந்து அன்றைக்குச் செய்தார்கள். குறை சொல்ல முடியாது. அந்த மாற்றம் ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

வேலை நடக்கும் விதம்

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் முதல் வேலை. வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் சுவரோடு பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்தால் ரிங்கு உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறப் போடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டிலைச் செருகி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அசைந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய ஆயிலை வடித்து, பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவாமல் ஒரு சொட்டுப் புது எண்ணெயும் விட வேண்டாம். 3பி.யில் டாங்கு டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதில் துருவால் ஓட்டை விழுந்திருந்தால் நீங்கள் பெட்ரோலின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஹரிக்கேன் இன்ஜினைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 2.2 லிட்டர், நாலு சிலிண்டர். உள்ளே இழுக்கும் வால்வு ஹெட்டில் மேலே இருக்கிறது. புகையை வெளியே விடும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்பை இன்றைய எந்தக் காரிலும் பார்க்க முடியாது. சிலிண்டரின் அகலம் 79 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 111. அகலத்தைவிட நீளம் இவ்வளவு அதிகமாக இருப்பதால் இன்ஜின் வேகமாகச் சுற்றாது, ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே முழு பலத்தையும் கொடுக்கும். கொடிக்கால் வரப்பு ஓரத்துச் சேற்றில், லோ கியரில் போட்டு கிளட்சை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இருந்தால்கூட நடந்துபோகிற வேகத்தில் ஏறி வரும். இதை ஒருமுறை உணர்ந்தவர்கள் வேறு வண்டியை ஜீப் என்று சொல்ல மாட்டார்கள். பிளக் வயரை மாட்டும்போது 1-3-4-2 என்ற வரிசை மறக்கக் கூடாது.

ஸ்பேனர் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வில்லிஸ் வழி வந்த ஜீப் அங்குலக் கணக்கு வண்டி. அரை அங்குலத் தலை உள்ள போல்ட் 12.7 மில்லிமீட்டர், வீட்டில் இருக்கும் 13ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் உட்கார்ந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டை அதை வைத்து அழுத்தினால் தலை மழுங்கி உருண்டுவிடும், பிறகு கேஸ் வைத்து அறுப்பதைத் தவிர வழியில்லை. இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். லேத் பட்டறையில் பேச்சு இன்னமும் நூல் கணக்கில்தான். எட்டு நூல் ஓர் அங்குலம் என்று தெரிந்துகொண்டு போனால் மேஸ்திரி உங்களை மதித்துப் பேசுவார்.

அடுத்தது உடம்பு. ஜீப் தகரம் மேலே பார்க்க நன்றாக இருக்கும். தரைதான் மோசம் போயிருக்கும். பழைய வில்லிஸ்களில் தரையின் அடியில் இருக்கும் தாங்கு சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அந்தக் கட்டை தண்ணீரைக் குடித்துவிட்டு வருஷக்கணக்காக ஈரமாகவே கிடந்து, தகரத்தை உள்ளிருந்து தின்றுவிடும். விற்கிறவர் பட்டி பூசி மறைத்திருப்பார். ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோய்த் தடவிப் பாருங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே தகரம் இல்லை. கெட்ட தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஷீட் வைத்து வெல்டிங் செய்வதே முறை. துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் அது இரண்டு மழைக்குத் தாங்காது.

பிரேக்குக்கு வருகிறேன். எந்தப் பட்டறையானாலும் வயசான மேஸ்திரி சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: “வண்டி ஓடறது பெருசில்ல கண்ணு, நிக்கோணும்.” 3பி.யின் பிரேக் ஒற்றைக் குழாய் அமைப்பு. நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. எங்காவது ஓர் இடத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் இதில் பழையதைத் துடைத்து மாட்டுகிற பேச்சே வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், குழாய் எல்லாம் புதிது போடுங்கள். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் டிரம்மில், கூட்டு ஷாஃப்டைப் பிடித்து நிறுத்துகிறது. வண்டி ஓடும்போது அதை இழுத்தால் கியர் அமைப்பு அத்தனைக்கும் அடி விழும். இன்னொன்று: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றுப் பைப்பை வைத்து ஊதி அந்தத் தூசியைச் சுவாசிக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது. நாலு ஸ்டாண்டு வாங்குவது ஒரு டயர் விலைகூட ஆகாது.

வண்டி நாற்பது ஐம்பதில் போகும்போது முன்சக்கரம் படபடவென்று அடித்து ஸ்டியரிங் கையைவிட்டுப் பறப்பதுபோல ஆடும். பழைய ஜீப் ஓட்டியவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்த வியாதி. ஷாக் அப்சார்பரை மாற்றினால் போகாது. கிங்பின் பேரிங்கில் ஆட்டம், டை ராடு முனையில் ஆட்டம், ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ்ஷில் ஆட்டம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததுதான் அந்தப் பேயாட்டம். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கை அசைக்க இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். இதில் பொறுமைதான் கருவி.

நான்கு சக்கர இழுவை வேலை செய்கிறதா என்று தார்ச்சாலையில் சோதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். இந்த ஜீப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. கெட்டியான தரையில் வளைவு திரும்பும்போது பல்லும் ஷாஃப்டும் முறுக்கேறும். காவிரி மணலில், நீர் பாய்ச்சிய தோட்டத்தில் போடுங்கள். நான்குவழிச் சாலையில் ஏறும் முன் எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து டாங்கில் சேர்க்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு வையுங்கள்.

லாரி வளர்த்த கைகள்

இதுவரை சொன்னவற்றில் பாதியை நீங்களே செய்யலாம். மீதிக்குக் கை வேண்டும். அந்தக் கைகள் இருப்பதால்தான் வேலூரைத் தோதான இடம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

ஸ்பிரிங் பட்டா உயிரிழந்து தொய்ந்துவிட்டதா? லாரிப் பட்டாவைச் சூடேற்றி வளைத்துக் கொடுக்கும் ஸ்பிரிங் பட்டறைக்காரருக்கு ஜீப் பட்டா விளையாட்டுச் சாமான். ரேடியேட்டரா? குழாய் குழாயாகப் பிரித்துக் கழுவி, ஈயப் பற்று வைத்து மூடித் தருவார்கள். கடையில் கிடைக்காத புஷ்ஷை மாதிரி காட்டினால் லேத்தில் கடைந்து தருவார்கள். டீசல் ஜீப்பானால் பம்பும் நாசிலும் பார்க்க லாரிகளுக்காகவே நடக்கும் கடைகள் உண்டு. பிரேக் ஷூவுக்கு லைனிங் ரிவிட் அடிக்கத் தனி ஆள், வயரிங்குக்குத் தனி ஆள், சீட்டுக்குக் குஷன் கடை. மேலே போடும் ஹூடுக்கு ஆன்லைனில் தேட வேண்டாம். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர்களிடம் பழைய கிழிந்த ஹூடைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதையே அளவாக வைத்து ஒரு தையல் பிசகாமல் தைத்துக் கொடுப்பார்கள். உள்ளூரில் கிடைக்காத பாகத்துக்குக் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை என்று ஒரு நடை போனால் போதும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வேலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் போன் பண்ணிக் கேட்கிறவர் ஜீப்பை வாங்கியவர் மட்டுமே. பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மேஸ்திரி எதை முதலில் கழற்றுகிறார், எந்த நட்டை எந்த டப்பாவில் போடுகிறார், எதைக் காதில் வைத்துக் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். கிராங்க் கிரைண்டிங்கும் சிலிண்டர் ரீபோரும் மெஷின் வேலை; அதைக் கொடுத்துவிடுங்கள். வயரிங், பிரேக், கார்புரேட்டர், கூலிங், ஆயில் சீல் இவற்றைக் கற்றுக்கொண்டு நீங்களே செய்யுங்கள். பிரேக்கை மட்டும் செய்து முடித்தபின் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பூட்டும்போது அந்தப் படம் பேசும்.

தொழில் படிக்காதவன் இதெல்லாம் செய்வதா என்று கேட்பவர்களுக்குக் கொங்கு நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1893ல் கோவைக்குப் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஓட்டவில்லை, பிரித்துப் போட்டார். பிறகு பூட்டினார். அந்தப் படிப்பிலிருந்து வந்ததுதான் 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓடத் தொடங்கிய அவருடைய பஸ். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் இருக்கும் கார் அருங்காட்சியகத்துக்கு ஜீப் வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை போய்வருவது நல்லது. பழைய வண்டியைப் பிறந்த மேனிக்கு வைத்திருப்பது எப்படியிருக்கும் என்று கண் பழகும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஹரியானாவில் பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி, ஜீப்புகளைப் புது உருவத்தில் கட்டித் தருவதற்குப் பேர் போன ஊர். பருத்த டயர், பளபளக்கும் கம்பி, பத்து விளக்கு. அந்தப் படங்களைப் பார்த்து நம் பையன்களும் அதேபோல் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். 3பி.யின் இரண்டு அச்சுக்கும் நடுவே 80 அங்குலம்தான் இடைவெளி. குட்டையான, உயரம் தூக்கலான வண்டி. அதில் பெரிய டயரை மாட்டி இன்னும் தூக்கினால் வளைவில் கவிழ்வது எளிதாகிறது. சின்ன டிரம் பிரேக்குக்கும் பழைய ஸ்டியரிங்குக்கும் தாங்காத பாரம் ஏறுகிறது. சட்டமும் ஒப்புக்கொள்ளாது. மெல்லிய டயர், மடிக்கிற கண்ணாடி, தகரச் சீட்டு. அந்த வண்டியின் அழகே அந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது.

வேலை முடிந்தபின் கொல்லிமலைக்கு ஓட்டிப் போக எல்லாருக்கும் ஆசை வரும். 70 கொண்டை ஊசி வளைவு. முதல் மாதமே போகாதீர்கள். தோப்புக்கும் கபிலர்மலைக்கும் ஓட்டி, நட்டுகளை மறுபடி இறுக்கி, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகு போங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகி, அவை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையங்களுக்கே போக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஒன்றிய அலுவலகத்து ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டிய காலம் அதோடு முடிந்தது. இனித் தனியார் கொட்டகைகளில் இருப்பதுதான் மிச்சம். அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்த மேஸ்திரிகளுக்கும் வயதாகிவிட்டது. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்கக் கற்கிறார்கள். அது அவர்கள் பிழைப்புக்கு வேண்டியதுதான். ஆனால் கிங்பின் ஷிம் போடுவதும் கார்புரேட்டரைக் காதால் கேட்டுத் திருகுவதும் எழுதிவைக்காத வித்தை. நாமக்கல், சேலம் பக்கத்து ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் இந்த மேஸ்திரிகளை அழைத்து, ஒரு பழைய ஜீப்பை மாணவர்கள் கண்ணெதிரே பிரித்துப் பூட்டச் சொல்லிப் படம் பிடித்து வைக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. கேட்டால் மேஸ்திரிகளும் மறுக்க மாட்டார்கள்.

உங்கள் தோப்பில் அப்படி ஒரு ஜீப் நின்றால், எடைக்குப் போட ஆளை அழைக்கும் முன் அலமாரியில் ஆர்.சி. புக் இருக்கிறதா என்று தேடி எடுங்கள். சேஸிஸ் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்த வண்டியை விற்காதீர்கள்.